பன்னிரண்டு நாள் பாட்டில்

“பெத்த பொண்ண போலீஸ்ல புடிச்சிக் குடுத்த மொத அப்பன் இவராத்தான் இருப்பாருக்கா,” என்றான் பூதத்தான்.

செம்பூர் போகிற ஆட்டோவில் அவன் மடியில் வக்கீல் கொடுத்த நகல் கிடந்தது. பஞ்சு ஐயரின் வாக்குமூலம். போலீஸ்காரர் மராத்தியில் கிறுக்கியிருந்ததைத் தட்டுத்தடுமாறி வாசித்ததில் ஒரு வரி அவனுக்கு இறங்கவே இல்லை. ‘மாரீஸ்வரியை நாங்கள் பெற்ற மகள் போலத்தான் வைத்திருந்தோம். எங்கள் வீட்டில் அவள் புழங்காத இடம் கிடையாது.’

“வாய மூடு பூதம். மூணு மணிக்குக் கோர்ட்டு. இப்பம் மணி பத்தரை,” என்றாள் விஜயலட்சுமி.

விஜயலட்சுமிக்கு மாட்டுங்காவில் ஒரு பூக்கடைக்கு மேலே துப்பறியும் ஆபீஸ். இருபது வருடம் இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காகப் பொய் ஆஸ்பத்திரி பில்களைப் பிடித்துக்கொண்டிருந்தவள், இப்போது சொந்தமாகப் பிடிக்கிறாள். பூதத்தான் அவளுடைய உதவியாள். தாராவிக்காரன், வயது முப்பத்திரண்டு, சம்பளத்தைவிட வாய் பெரிது. இந்தக் கேஸைக் கொண்டுவந்தவனும் அவன்தான். மாரீஸ்வரியும் அவள் புருஷன் சுடலைக்கண்ணனும் அவன் தெருக்காரர்கள்.

கேஸ் இதுதான். பஞ்சு ஐயரின் பேரன் நகுல், ஒன்பது வயது. கிட்டப்பார்வை. கரும்பலகை தெரியாது, எதிரில் வருகிற பஸ் நம்பர் தெரியாது. கண்ணாடியின் நம்பர் வருஷத்துக்கு வருஷம் ஏறிக்கொண்டே போக, ஏறுகிற வேகத்தைக் குறைப்பதற்கென்று டாக்டர் ஒரு சொட்டு மருந்து எழுதிக் கொடுத்திருந்தார். தினம் படுக்கும்போது கண்ணுக்கு ஒரு சொட்டு. வெகு லேசான மருந்து. அதே மருந்து, நூறு மடங்கு வீரியத்தில், அதே ஃப்ரிட்ஜில் இன்னொரு பாட்டிலில் இருந்தது. அது பஞ்சு ஐயரின் கண் அழற்சிக்கு. வியாழன், வெள்ளி, சனி என்று மூன்று ராத்திரி பையன் கண்ணில் விழுந்தது தாத்தாவின் மருந்து. ஞாயிறு காலை உடம்பு அனலாய்க் கொதித்து, நாக்கு வறண்டு, சுவரைப் பார்த்துப் பேச ஆரம்பித்தவனை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். பையன் பிழைத்துவிட்டான்.

யார் விட்டது? ராத்திரிப் பாத்திரத்துக்கு வரும் வேலைக்காரி மாரீஸ்வரி என்றாள் பையனின் அம்மா வந்தனா. மாரீஸ்வரி என்றான் பையனும். தாராவியில் மாரீஸ்வரி வீட்டில் தொங்கிய பையைச் சோதித்தால் உள்ளே நகுலின் பாட்டில்! அவளுக்கும் எட்டு வயதில் கிட்டப்பார்வைப் பெண் ஒருத்தி இருக்கிறாள். சப் இன்ஸ்பெக்டர் சாலுங்கேவுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்? தன் மகளுக்காக நல்ல மருந்தைத் திருடி, திருடியது தெரியாமலிருக்கக் கிழவரின் மருந்தைப் பையன் கண்ணில் ஊற்றிய ராட்சசி. இரண்டு நாளாக லாக்கப்பில் இருக்கிறாள். மூன்று மணிக்குள் வேறு ஏதாவது சொல்ல முடியாவிட்டால் கோர்ட் அவளை ஜெயிலுக்கு அனுப்பும். விசாரணைக் கைதி என்று உள்ளே போகிற தாராவிப் பெண் எப்போது வெளியே வருவாள் என்பது யாருக்கும் தெரியாது.

“அவ அடுக்களைக்குள்ள போவவே மாட்டேன்னு சொல்லுதா. இவரு மக மாதிரிங்காரு. ரெண்டுல ஒண்ணு பொய்,” என்றாள் விஜயலட்சுமி. “போன ரெக்கார்டிங்ல போட்டு சட்டைப் பையில வச்சுக்கோ.”

மூன்றாவது மாடி. கதவைத் திறந்தவர் எழுபது வயதுக்காரர். ஒரு கண் இன்னும் சிவந்திருந்தது.

“நமஸ்காரம் மாமா,” என்றாள் விஜயலட்சுமி. “ஆஸ்பத்திரி இன்ஷூரன்ஸ் விஷயமா வந்திருக்கேன். கொழந்தை எப்படி இருக்கான்? தேவலையா?”

பூதத்தான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டான். படி ஏறும்வரை இப்பம், அப்பம் என்று பேசிக்கொண்டு வந்த வாய் இது. மாட்டுங்காவில் பதினெட்டு வருடம் வாடகைக்கு இருந்ததில் அக்கா கற்றுக்கொண்ட வித்தை.

பஞ்சு ஐயரின் முகம் மலர்ந்துவிட்டது. “உள்ள வாங்கோ, உக்காருங்கோ. நீங்க எந்தப் பக்கம்?”

“கல்லிடைக்குறிச்சி பக்கம் மாமா.”

அதில் பொய் கிடையாது. கல்லிடைக்குறிச்சிக்குப் பக்கத்து ஊர்தான். அவள் அப்பா அங்கிருந்து ரயிலேறி வந்து தாராவியில் தோல் பதனிட்டார் என்பதை அவர் கேட்கவில்லை, இவளும் சொல்லவில்லை.

“அப்படியா! அப்போ நம்மவாதான்,” என்று பஞ்சு ஐயர் உள்ளே போய் வெள்ளி டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து அவளிடம் கொடுத்தார். பிறகு பூதத்தானைப் பார்த்தார். அந்தப் பார்வை அவன் செருப்பில் ஆரம்பித்து ஃபைலில் முடிந்தது. பின்பக்க பால்கனிக்குப் போய் ஜன்னல் கம்பியில் கவிழ்த்திருந்த எவர்சில்வர் டம்ளரை எடுத்து, சொம்பிலிருந்து தண்ணீரை உயரத் தூக்கி ஊற்றி, அவன் பக்கத்தில் தரையில் வைத்தார்.

பூதத்தான் அண்ணாந்து குடித்தான். அக்காவின் கண் டம்ளரின் அடியில் நிற்பது தெரிந்து, குடித்து முடித்தபின் அவனும் திருப்பிப் பார்த்தான். அடியில் சிவப்பாக நெயில் பாலிஷ் பொட்டு ஒன்று இருந்தது.

“இது என்ன மாமா, டம்ளருக்குப் பொட்டு வெச்சிருக்கேள்?”

“அதுவா? அது மாரீஸ்வரி டம்ளர். தப்பித் தவறி நம்ம பாத்திரத்தோட கலந்துடப்படாது பாருங்கோ. வந்தனா வெச்ச அடையாளம்.”

“ஓஹோ. அப்போ அவ சமையலறைக்குள்ள...”

“சிவ சிவா. வாசப்படி தாண்டப்படாது. பாத்திரத்தைப் பால்கனியில போட்டுடுவோம். தேய்ச்சு வெச்சா நாங்க ஜலம் விட்டு எடுத்துப்போம்.”

“ஃப்ரிட்ஜ்?”

“அது சமையலறையிலன்னா இருக்கு? ஏழு வருஷமா வரா. ஃப்ரிட்ஜ் கைப்பிடியில அவ கை பட்டதில்லை. அந்த விஷயத்துல ரொம்பத் தங்கம். சொன்னாப் புரிஞ்சுக்கற ஜாதி.”

பூதத்தான் டம்ளரைக் கீழே வைத்தான். அவன் சட்டைப் பையில் போன் ஓடிக்கொண்டிருந்தது. பற்களை நறநறவென்று கடித்தால் அதுவும் பதிவாகிவிடுமே என்று அடக்கிக்கொண்டான்.

“போலீஸ்கிட்ட வேற மாதிரின்னா சொல்லியிருக்கேள்?” விஜயலட்சுமியின் குரலில் அக்கறை சொட்டியது. “புழங்காத இடம் கிடையாதுன்னு?”

“பின்ன எப்படிச் சொல்றது? காலம் கெட்டுக் கிடக்கு. வேலைக்காரிக்குத் தனி டம்ளர்னு எழுதிண்டா நாளைக்குப் பேப்பர்ல போட்டு நாறடிச்சுடுவா. எம் பிள்ளை மஸ்கட்ல பெரிய கம்பெனியில இருக்கான். நம்ம மானம் என்ன ஆறது?”

மானம்! அதைக் காப்பாற்றத்தான் ஒருத்தியை லாக்கப்பில் போட்டிருக்கிறார்கள். கிழவருக்கு அது உறைக்கவே இல்லை. அவர் பொய் சொன்னதாகக்கூட நினைக்கவில்லை. விருந்தாளி வந்தால் சோபாவுக்குப் புது உறை போடுவதுபோல ஒரு மரியாதை, அவ்வளவுதான்.

விஜயலட்சுமி ஃப்ரிட்ஜைப் பார்க்க வேண்டும் என்றாள். இன்ஷூரன்ஸ் என்றால் மும்பையில் திறக்காத கதவு கிடையாது. உள்ளே மாவு டப்பா, ஊறுகாய், தக்காளித் தொக்கு எல்லாவற்றிலும் வெள்ளை பிளாஸ்டர் ஒட்டிப் பெயரும் தேதியும் எழுதியிருந்தது, எல்லாம் இங்கிலீஷ் எழுத்தில்.

“வந்தனாவுக்குத் தமிழ் எழுத வராது. ஆனா பாங்க்ல ஆபீசர். எல்லாத்துக்கும் ஒரு ஒழுங்கு. கண் மருந்து திறந்தா முப்பது நாள். முப்பத்தொண்ணாம் நாள் குப்பைக்குப் போயிடும். அதுக்கு ஒரு நாள் முன்னால போகாது, ஒரு நாள் பின்னால போகாது. இந்தாத்துல பேஸ்டைக்கூட வகுந்து வழிச்சுட்டுதான் போடுவா.”

“ரொம்ப சந்தோஷம் மாமா,” என்றாள் விஜயலட்சுமி. அவள் சந்தோஷம் என்று சொன்னால் யாருக்கோ கஷ்டகாலம்.

தாராவியில் சுடலைக்கண்ணன் பை தைக்கிற பட்டறைக்கு இரண்டு நாளாகப் போகவில்லை. கட்டிலில் உட்கார்ந்திருந்தான். அவன் மகள் தமன்னா டி.வி.யில் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“குப்பையிலதான் எடுத்தாக்கா. நெசமாச் சொல்லுதேன்,” என்றான் சுடலைக்கண்ணன். “வெள்ளிக்கெழம காலையில அந்த வீட்டுக் குப்பக் கூடையக் கொட்டப் போனப்பம் இருந்திருக்கு. கண்ணு கேம்ப்ல டாக்டர் இவளுக்கு எழுதிக் குடுத்த சீட்டு எங்கிட்ட கெடக்கு. அதையும் பாட்டிலையும் பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தா ஒத்துப் பாத்தா. ரெண்டும் ஒண்ணுன்னதும் அவளுக்குத் தல கால் புரியல.”

“அடுத்த புள்ள கண்ணுக்குள்ள போன பாட்டில, குப்பையில கெடந்தத, இவ கண்ணுல விட்டியளா? ஒனக்குப் புத்தி இருக்கா?”

“மூணு மாசமா நம்ம பக்கத்து மெடிக்கல்ல அந்த மருந்து இல்லங்கான். மருந்தக் கலக்கிக் குடுக்கிற பெரிய கடைக்குப் போவணுமாம். அதுக்கு ஒரு நாள் வேலைய விடணும். அவதான் என்னக்கா செய்வா?”

விஜயலட்சுமி மேலே திட்டவில்லை. தன் போனில் போலீஸ் எடுத்த பாட்டில் படத்தைப் பெரிதாக்கினாள். வெள்ளை பிளாஸ்டரில் NAGUL, அதன் கீழே திறந்த தேதி, ஏப்ரல் நாலு. பிளாஸ்டரின் ஓரத்தில் பழுப்பாக ஒரு கறை ஓடியிருந்தது.

“தமன்னா, இங்க வா. அம்மா இந்தப் பாட்டில கொண்டு வந்தப்பம் எப்படிடா இருந்துச்சு?”

அந்தச் சின்னப் பெண் போனை முகத்தருகே கொண்டுபோய்ப் பார்த்தாள். “காபி வாசம் அடிச்சிச்சு அத்த. மேல ஃபுல்லா கறுப்பா அப்பிக் கெடந்திச்சு. அம்மா கரம் பானி சுட வச்சுக் கழுவுனாவ.”

“காபித்தூளா? நம்ம வீட்டுல ஏது காபித்தூளு?” என்றான் பூதத்தான். “தாராவியில எவன் ஃபில்டர்ல காபி போடுதான்? அரை கிளாஸ் கட்டிங் சாயாதான். இது அவாள் காபிச் சக்கைக்கா. குப்பைக் கூடைக்குள்ள உருண்டிருக்கு.”

“போலீஸ்ல ஏன் சொல்லல சுடல?”

“சொன்னாளே. சாலுங்கே சிரிச்சாராம். முப்பது நாள் வைக்கிற பாட்டில, பன்னெண்டு நாள்ல எவன் குப்பையில போடுவான், திருட்டு முண்டேன்னு கேட்டு அறைஞ்சிருக்கான். அந்தம்மாதான் அவன்ட்ட தேதியக் காட்டிக் குடுத்திருக்கு. பாத்துக்கிடுங்க, மருந்து பாதிக்கு மேல கெடக்கு, நாங்க ஏன் எறியப் போறோம்னு.”

நாலாம் தேதி திறந்தது, பதினாறாம் தேதி வியாழன் ராத்திரி குப்பைக்குப் போயிருக்கிறது. பன்னிரண்டு நாள். பேஸ்டை வகுந்து வழிக்கிற வீட்டில் பாதி பாட்டிலை எறிந்தார்கள் என்றால் எந்தக் கோர்ட் நம்பும்? காபி வாசம் என்று எட்டு வயதுப் பெண் சொன்னால் எடுபடுமா?

வண்டியில் ஏறியதும் அதைத்தான் அவன் கேட்டான். “பன்னெண்டு நாள்ல எவன்க்கா எறிவான்?”

“நீ சொல்லு. ஒன் வீட்டுல பழைய சிம் கார்டு எப்பம் குப்பைக்குப் போச்சு?”

“புதுசு வாங்கின அன்னைக்கு.” சொல்லிவிட்டு அவன் வாயைப் பிளந்தான். “ஏ யப்பா!”

“அப்படித்தான். இனிமே இது வேண்டாம்னு முடிவு பண்ணினவதான் எறிவா. அதைவிட ஒசத்தியா ஒண்ணு கைக்குக் கெடச்சிருக்கு. பையன் பாட்டிலு ஃப்ரிட்ஜிலேருந்து களவு போயிருந்தா அது வேலைக்காரி வேல. பையன் பாட்டிலு குப்பைக்குப் போயிருந்தா அது வீட்டுக்காரி வேல.”

“அம்மாவேவாக்கா?”

“ஆட்டோவ ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லு.”

குழந்தைகள் ஆஸ்பத்திரியில் நகுலின் அறைக்கு ஜன்னல் திரை இழுத்து மூடியிருந்தது. வெளிச்சம் பட்டால் பையனால் தாங்க முடியவில்லை. இன்னும் பத்து நாளாவது ஆகுமாம். கருவிழி முழுக்கக் கண்பாவை விரிந்து கண்ணே கறுப்பாகக் கிடந்தது. கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டு, கட்டிலோர விளக்கு மங்கலாக எரிய, ஒரு காமிக்ஸை முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துக்கொண்டிருந்தான்.

வந்தனா எழுந்தாள். இஸ்திரி கலையாத குர்தா, கலைந்த முகம். “மாமா போன் பண்ணினார். இன்ஷூரன்ஸ்தானே? பேப்பர்ஸ் எல்லாம் ரெடியா வெச்சிருக்கேன்.”

“பேப்பர் இருக்கட்டும். நகுல், என்ன படிக்கற? கண்ணாடி போட்டுக்கலையா?”

“போட்டா எழுத்து எல்லாம் கலங்கறது ஆன்ட்டி. கழட்டினா பக்கத்துல க்ளியரா தெரியறது. எனக்கு எப்பவுமே அப்படித்தான்.”

விஜயலட்சுமி தன் விசிட்டிங் கார்டை எடுத்து அவன் முகத்துக்கு முன்னால் நீட்டினாள். பொடி எழுத்து. பையன் ஒரு எழுத்து விடாமல் ஒப்பித்தான். டெலிபோன் நம்பர் வரைக்கும்.

“சபாஷ். அப்போ வியாழக்கிழமை ராத்திரி, படுத்துண்டு, கண்ணாடியைக் கழட்டிட்டு இருந்தே. மருந்து பாட்டில் கண்ணுக்கு நேரா வந்தது. அதுல என்ன எழுதியிருந்தது?”

“என்ன கேக்கறேள்?” வந்தனா நடுவில் வந்து நின்றாள். “கண்ணாடி இல்லாம அவனுக்கு ஒண்ணுமே தெரியாது. மைனஸ் நாலு அவனுக்கு.”

“அது தூரத்துக்கு. உங்க எதிர்லதானே படிச்சான்?”

கிட்டப்பார்வைக்காரன் கிட்டே இருப்பதை மற்றவர்களைவிட நன்றாகவே பார்ப்பான். மூக்குக்கு மேலே வந்து நிற்கிற பாட்டில்தான் அவனுக்கு உலகத்திலேயே தெளிவான பொருள். மகனுக்கு ஆறு வருடமாகக் கண் டாக்டர் வாசலில் தவம் கிடக்கிறவளுக்கு இது தெரியவில்லை. கண்ணாடி இல்லாவிட்டால் குருடு என்று நினைத்து வைத்திருந்தாள்.

பையன் அம்மாவைப் பார்த்தான், காமிக்ஸைப் பார்த்தான். “தாத்தான்னு எழுதியிருந்தது. டி, எச், ஏ... நான் சொன்னேனே அம்மா. இது தாத்தாவோடதுன்னு. நீதான் எல்லாம் ஒண்ணுதான், கண்ணை மூடுன்னே.”

பூதத்தானுக்கு ஜெயித்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும், வரவில்லை. அந்தக் கறுத்த கண்களைப் பார்க்க முடியாமல் அவன் காமிக்ஸின் அட்டையைப் பார்த்தான்.

“அப்போ போலீஸ் அங்கிள்கிட்ட ஏன் மாரி ஆன்ட்டின்னு சொன்னே?” என்றாள் விஜயலட்சுமி.

“அம்மா சொல்லச் சொன்னா.” பையன் தயங்காமல் சொன்னான். பாடம் ஒப்பிக்கிற குரல்தான். “அம்மா ஜெயிலுக்குப் போனா தாங்க மாட்டா. மாரி ஆன்ட்டிக்கு ஒண்ணும் ஆகாது, அவாள்ளாம் தரையில படுத்துப் பழக்கம்னு சொன்னா.”

“அவன் ஜுரத்துல உளர்றான்!” வந்தனாவின் குரல் உடைந்தது. “மூணு நாளா உளர்றான். டாக்டரைக் கேளுங்கோ. பாட்டில் அவ பையிலதானே இருந்தது? அவ திருடிதானே?”

விஜயலட்சுமி ஃபைலிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவி மேஜைமேல் வைத்தாள். பேனாவையும் மூடி கழற்றி வைத்தாள். அதன்பிறகு அவள் வாயிலிருந்து வந்தது வேறு தமிழ்.

“அப்பம் எழுது. மாரீஸ்வரி பாட்டிலத் திருடினான்னு எழுதிக் கையெழுத்துப் போடு. எங்கேருந்து திருடினா? ஃப்ரிட்ஜ்லேருந்துன்னு எழுதுனேன்னா, ஏழு வருசமா அவ கை அந்தக் கைப்பிடியில பட்டதில்லன்னு ஒம் மாமனாரு சொன்னது இந்தா இவன் போன்ல இருக்கு. டம்ளருக்குப் பொட்டு வச்சது யாருங்கதும் இருக்கு. குப்பையிலேருந்துன்னு எழுதுனேன்னா, பாதி மருந்தோட அத எறிஞ்சது யாரு, எதுக்கு எறிஞ்சாங்கதையும் சேத்து எழுது. எடம் எது வேணும் ஒனக்கு?”

வந்தனா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். அந்த நேரத்திலும் அவளுக்கு முதலில் பட்டது அதுதான். “நீங்க... நீங்க நம்மவா இல்லையா?”

“இல்லம்மா,” என்றான் பூதத்தான். “எங்களுக்கும் தரையில படுத்துத்தான் பழக்கம்.”

வந்தனா நாற்காலியில் உட்கார்ந்தாள். பேனாவை எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு தானாகவே சொல்ல ஆரம்பித்தாள். அவள் புருஷனுக்கு மைனஸ் பன்னிரண்டு. முப்பத்தெட்டு வயதில் வலது கண்ணில் விழித்திரை கிழிந்து பாதிப் பார்வை போய்விட்டது. நகுலுக்கும் ஆறு மாதத்தில் மூன்றிலிருந்து நாலு ஆகிவிட்டது. டாக்டர் பொறுமையாக இரு என்றார். இவளுக்குப் பொறுமை இல்லை. வீரியம் கூடினால் பலனும் கூடும் என்று எங்கோ போனில் படித்திருக்கிறாள். எதிரிலேயே மாமனாரின் பாட்டில், அதே மருந்து, நம்பர் மட்டும் பெரிது. ஒரு சொட்டுக்கு இரண்டு சொட்டாக விட்டாள். வெளிச்சம் கூசுகிறது என்று பையன் அழுதபோது, ஹோம்வொர்க்குக்குப் பயந்து நடிக்கிறான் என்று அதட்டினாள்.

“நல்லதுக்குத்தானே பண்ணினேன். அவன் கண்ணுக்குத்தானே பண்ணினேன். போலீஸ் வந்து யார் விட்டதுன்னு கேட்டப்போ... அவ பேர்தான் முதல்ல வாயில வந்தது.”

“முதல்ல வந்தது சரி,” என்றாள் விஜயலட்சுமி. “அதுக்கப்பறம் ரெண்டு நாள் இருந்துதே.”

வந்தனா தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒன்றே கால் மணிக்குப் பேனாவை எடுத்தாள். தவறுதலாக என்ற வார்த்தையை நாலு இடத்தில் போட்டு எழுதினாள். பூதத்தான் எண்ணிப் பார்த்தான்.

மூன்று மணிக்குக் கோர்ட்டில் சப் இன்ஸ்பெக்டர் சாலுங்கே, இந்தப் பெண்ணைக் காவலில் வைக்க இனி காரணம் இல்லை என்று முணுமுணுத்தார். அறைந்ததைப் பற்றி ஒன்றும் முணுமுணுக்கவில்லை. வந்தனா மீது நோட்டீஸ் மட்டும். குழந்தை ஆஸ்பத்திரியில் இருக்கிறான், தாய் ஓடிப்போய்விட மாட்டாள், பாங்க் ஆபீசர், நிலையான முகவரி உண்டு என்றார் அவள் வக்கீல். மாரீஸ்வரிக்கும் ஏழு வருடமாக ஒரே முகவரிதான். அது யாருக்கும் ஞாபகம் வரவில்லை.

ஐந்து மணிக்கு அவள் வெளியே வந்தாள். இடது கன்னம் வீங்கியிருந்தது. சுடலைக்கண்ணன் கையைப் பிடித்துக்கொண்டு அழ, அவள் அழவில்லை. போலீஸ் திருப்பிக் கொடுத்த போனை அழுத்தி அழுத்தி உயிர்ப்பித்துக்கொண்டிருந்தாள். திரையில் வரிசையாகச் சில செய்திகள் வந்து விழுந்தன. ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.

“பையன் எப்படி இருக்கான்?” என்று பூதத்தானைக் கேட்டாள்.

“நல்லா இருக்கான்க்கா. காமிக்ஸ் படிக்கான்.”

போன் அடித்தது. பெயரைப் பார்த்துவிட்டு அவள் எடுத்தாள். கிழவருக்குத் தொண்டை பெரிது, பக்கத்தில் நின்ற எல்லாருக்கும் கேட்டது.

“மாரீஸ்வரியா? வெளில வந்துட்டியாமே, வக்கீல் சொன்னார். என்னமோ போறாத வேளை. வந்தனா ஆஸ்பத்திரியிலயே இருக்கா. ஞாயித்துக்கெழமைலேர்ந்து பாத்திரம் அப்படியே பால்கனியில கிடக்கு, நாத்தம் தாங்கலை. காத்தால கொஞ்சம் சீக்கிரமா வந்துடறியா?”

சுடலைக்கண்ணன் போனைப் பிடுங்கக் கை நீட்டினான். அவள் தோளைத் திருப்பிக்கொண்டாள்.

“வாரேன் ஐயா,” என்று சொல்லி வைத்துவிட்டாள்.

“ஏட்டி, ஒனக்குக் கிறுக்கா புடிச்சிருக்கு?” சுடலைக்கண்ணன் ரோடென்று பார்க்காமல் கத்தினான். “ஒன்ன உள்ள தள்ளின வீடு! அந்த எச்சிப் பாத்திரத்தையா போயித் தேய்ப்ப?”

மாரீஸ்வரி போனை விஜயலட்சுமியிடம் நீட்டினாள். அதே பில்டிங்கில் அவள் வேலை பார்க்கிற மற்ற மூன்று வீடுகளிலிருந்தும் வந்திருந்தது. நாளை முதல் வர வேண்டாம். வேறு ஆள் பார்த்துவிட்டோம். எங்கள் வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள். கடைசியாக பில்டிங் குரூப்பில் யாரோ போட்ட அவள் போட்டோ, கீழே இந்தியில், இந்தப் பெண்ணைக் கண்டால் ஜாக்கிரதை.

“நான் நாளைக்கே போயி அந்த மூணு வீட்டுலயும் பேசுதேன்,” என்றாள் விஜயலட்சுமி. “ஒம் பேருல தப்பு இல்லன்னு பேப்பரோட காட்டுதேன்.”

“நீங்க மூணு வீட்டுல சொல்லுவிய. முப்பது வீட்டுல சொல்ல முடியுமாக்கா? பேப்பரப் பாத்துட்டுச் சரிம்பாவ. பொறவு புள்ளைக்கு ஒரு தும்மல் வந்தாலும் என் மூஞ்சியத்தான் பாப்பாவ.” வீங்கின கன்னத்தைப் புடவைத் தலைப்பால் ஒற்றிக்கொண்டாள். “நான் ஒண்ணும் செய்யலைன்னு நிச்சயமாத் தெரிஞ்ச வீடு இந்த ஊர்லயே அது ஒண்ணுதான்.”